எக்ஸ்ரேயில் ‘ஒன்றுமில்லை’, ஆனால் கால் வலிக்கிறது: பாதத்தில் புதைந்த மரச் சிராயைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலில் மரச் சிராய் ஏறிவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டை இழுத்து எடுத்தாச்சு. கிளினிக்குக்குப் போய் எக்ஸ்ரேயும் எடுத்தாச்சு. “உள்ளே ஒண்ணும் தெரியலை” என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் ஆகிறது. அந்த இடத்தில் காலை ஊன்றினால் இன்னமும் சுருக்கென்று குத்துகிறது.

இப்போ நீங்கள் யாரை நம்பணும்? எக்ஸ்ரேயையா, காலையா?

காலைத்தான். காரணம் எளிமையானது: எக்ஸ்ரேயால் பெரும்பாலும் மரத்தைப் பார்க்க முடியாது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும், உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாததால் சிலர் வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட காலுக்குள் மரத்துண்டோடு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

பினாங்கில் இருப்பவர்கள் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

வெறுங்காலோடு நடப்பது நமக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்ட்ரீட்டில் உள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டதும், தண்ணீர்மலை வரை வழி நெடுக ஆயிரக்கணக்கான தேங்காய்கள் உடைபடுகின்றன. தமிழர்கள் மட்டுமல்ல, சீன பக்தர்களும் குவியல் குவியலாக உடைக்கிறார்கள். சாலையை உடனுக்குடன் கூட்டி அள்ளினாலும், கூரான சிரட்டைச் சில்லுகள் எங்காவது கிடக்கத்தான் செய்யும். அந்தச் சாலையில்தான் காவடியோடும் பால்குடத்தோடும் பக்தர்கள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். அதன்பிறகு மலைக்கோயிலுக்கு 513 படிகள் ஏற வேண்டும். காலில் ஏதோ குத்தியது என்றாலும், நேர்த்திக்கடன் முடிகிற வரைக்கும் யாரும் நின்று பார்ப்பதில்லை.

கோயில் மட்டும்தான் என்றில்லை. வெல்ட் கீ கடலோரத்தில் சியூ ஜெட்டி போன்ற சீனக் குலத்தவரின் மர ஜெட்டிகள் இருக்கின்றன. தண்ணீருக்கு மேல் தூண் நட்டு, பலகை பாவிய நடைபாதைகள் அவை. வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடக்கும் பலகை நாளடைவில் நார் நாராகப் பிளக்கும். பழைய கடைவீடுகளின் மாடியில் பலகைத் தரைகள் இன்னும் இருக்கின்றன. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒதுங்கும் மரத்துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிரட்டையும் மரம் போலவே தாவரப் பொருள்தான். அதனால் இந்தக் கட்டுரையில் மரச் சிராய்க்குச் சொல்வதெல்லாம் சிரட்டைச் சில்லுக்கும் முள்ளுக்கும் மூங்கிலுக்கும் பொருந்தும்.

உள்ளே போனது எங்கே மறைகிறது?

உடலிலேயே தடிப்பான தோல் இருப்பது உள்ளங்காலில்தான். அதற்குக் கீழே கொழுப்புத் திண்டு. அதற்கும் கீழே குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் உறுதியான நார்ப்பட்டை, பிறகு தசைநார்கள், நரம்புகள், எலும்புகள்.

நாம் காலை ஊன்றும்போது முழு உடல் எடையும் அந்தச் சிராயின் மேல் இறங்குகிறது. அதனால் கையில் குத்தும் சிராயைவிடக் காலில் குத்துவது ஆழமாகப் போகும். பாதி வழியில் முறிந்தால், மேலே இருக்கிற துண்டு மட்டும் நம் கைக்கு வரும். தடித்த தோலில் உள்ள துளை சீக்கிரமே மூடிக்கொள்ளும். அடுத்தடுத்து எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் உள்ளே உள்ள துண்டை இன்னும் கீழே தள்ளும். மேலே பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி மட்டும்தான் தெரியும். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்தப் புள்ளி சொல்லாது.

எக்ஸ்ரே ஏன் ஏமாற்றுகிறது?

எக்ஸ்ரே கதிர் அடர்த்தியான பொருளில் தடுக்கப்படுகிறது. எலும்பில் கால்சியம் இருக்கிறது, அதனால் வெள்ளையாகத் தெரிகிறது. ஆணி, ஊசி போன்ற உலோகம் பளிச்சென்று தெரியும். பலரும் நினைப்பதற்கு மாறாக, கண்ணாடியும் மிகச் சிறிய துணுக்காக இல்லாவிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மரம் அப்படியல்ல. அது கதிரைத் தடுக்கும் அளவு, சுற்றியுள்ள சதை தடுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். உடலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகு அந்தக் கொஞ்ச வித்தியாசமும் போய்விடுகிறது. பால் நிறச் சுவரில் பால் நிறச் சுண்ணாம்பால் எழுதிய மாதிரி.

1982-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்றும் மருத்துவர்களால் மேற்கோள் காட்டப்படுகிறது. கையில் அந்நியப் பொருள் தங்கிவிட்ட 200 பேரைப் பற்றியது அது. அவர்களில் 38 விழுக்காட்டினருக்கு முதலில் பார்த்த மருத்துவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மரத்துண்டுகளில் எக்ஸ்ரேயில் தெரிந்தவை 15 விழுக்காடு மட்டுமே.

அதற்காக எக்ஸ்ரே வீண் என்று அர்த்தமில்லை. கண்ணாடியோ உலோகமோ கூடவே போயிருக்கிறதா, எலும்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அது தேவை. ஆனால் மரம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அது கடைசிப் பதில் இல்லை.

அப்படின்னா எதில் தெரியும்?

அல்ட்ராசவுண்டில். கர்ப்பிணிகளுக்கு எடுப்பார்களே, அதே ஸ்கேன்தான். ஆனால் ஆழமில்லாத இடத்தைத் துல்லியமாகப் பார்க்க, அதிக அதிர்வெண் கொண்ட நேரான கருவியைப் பயன்படுத்துவார்கள்.

ஒலி அலை மரத்தில் பட்டுத் திரும்பும்போது, திரையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதன் பின்னால் ஒலி போக முடியாததால் கருநிழல் விழும். சிராய் ஏறி ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தால், அதைச் சுற்றி நீர்கோத்து ஒரு கருவளையமும் சேர்ந்துகொள்ளும். அந்த வளையம் கண்டுபிடிப்பதை இன்னும் சுலபமாக்குகிறது. துண்டு எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழத்தில், எந்தத் திசையில் கிடக்கிறது, பக்கத்தில் ரத்தக் குழாய் இருக்கிறதா என்பதையெல்லாம் அங்கேயே அளந்துவிடலாம். கதிர்வீச்சும் இல்லை.

தொட்டாலே வலிக்கிறது என்றால்? பாதத்தைத் தண்ணீர் உள்ள பேசினில் வைத்து, கருவி தோலைத் தொடாமலேயே தண்ணீர் வழியாகப் பார்க்கும் முறையும் இருக்கிறது.

அல்ட்ராசவுண்டும் தவறே செய்யாத கருவி அல்ல. மிகச் சிறிய துண்டு, எலும்பை ஒட்டிக் கிடக்கும் துண்டு, உள்ளே புகுந்த காற்று ஆகியவை குழப்பலாம். பார்ப்பவரின் அனுபவமும் முக்கியம். சந்தேகம் தீரவில்லை என்றால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். எலும்புக்குள் கிருமி போயிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. மிகவும் உதவும்.

அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்?

“தானா வெளியே வந்துடும்” என்று வீட்டில் சொல்வார்கள். மேல்தோலில் இருக்கும் பொடிச் சிராய் சில சமயம் அப்படி வருவது உண்மைதான். ஆழத்தில் இருப்பதை அப்படி நம்பிவிட முடியாது.

மரம் என்பது நுண்துளைகள் நிறைந்த பொருள். மண்ணிலும் தண்ணீரிலும் கிடந்த மரத்தின் ஒவ்வொரு துளையிலும் கிருமிகள் இருக்கும். நீங்கள் சாப்பிடும் ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தான் பயணம் செய்கிறது. மரத்துண்டுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் சுற்றியுள்ள சதையில் கிருமி அடங்கும், வீக்கம் வற்றும், மருந்து முடிந்து சில நாளில் மறுபடியும் கிளம்பும்.

இந்தச் சுழற்சிதான் மிக முக்கியமான அடையாளம். புண் ஆறுகிறது, பிறகு சீழ் வைக்கிறது, உடைகிறது, மூடுகிறது, திரும்பவும் அதே இடத்தில் வீங்குகிறது. இப்படி நடந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே சந்தேகப்பட வேண்டும். சிலருக்குச் சீழே வராது. உடல் அந்தத் துண்டைச் சுற்றி ஒரு கெட்டியான உருண்டையைக் கட்டிவிடும். அதைக் கால் ஆணி என்று நினைத்து மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

மருத்துவ நூல்களில் ஒரு தமிழ் ஊரின் பெயரையே தாங்கிய பாத நோய் ஒன்று உண்டு: ‘மதுரா ஃபுட்’. மதுரையில் மருத்துவராக இருந்த கில் என்பவர் 1842-இல் அதைப் பற்றி எழுதினார். 1860-இல் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வேன்டைக் கார்ட்டர் அதற்கு ‘மைசிட்டோமா’ என்று பெயரிட்டார். புகழ்பெற்ற ‘கிரேஸ் அனாட்டமி’ நூலுக்குப் படங்கள் வரைந்தவர் அவர்தான். மண்ணில் வாழும் பூஞ்சையோ பாக்டீரியாவோ, முள்ளும் சிராயும் குத்திய சிறு காயம் வழியாக உள்ளே போகிறது. பாதம் பல ஆண்டுகளாக மெதுவாக, அதிகம் வலிக்காமலே வீங்கும். துளைகள் விழுந்து, மணல் போன்ற துகள்கள் வெளியேறும். முற்றினால் எலும்பையும் தின்னும்.

வெறுங்காலோடு வயலில் வேலை செய்த ஏழைகளைத்தான் இது அதிகம் தாக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. பயந்துவிடாதீர்கள், காலில் சிராய் ஏறுகிற எல்லோருக்கும் இது வராது. இது அரிதான நோய். ஆனால் “சின்னக் காயம்தானே” என்று விட்டதன் கடைசி எல்லை எது என்பதை மதுரையின் பெயர் கிட்டத்தட்ட 180 ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வலிக்கவே இல்லை என்றால் இன்னும் ஆபத்து

இதுவரை ‘வலியை நம்புங்கள்’ என்று சொன்னோம். வலியை நம்பவே முடியாத ஒரு பிரிவினர் இருக்கிறார்கள்: நீரிழிவு உள்ளவர்கள்.

மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது ஏறக்குறைய 6 பேரில் ஒருவர். நம் இந்தியச் சமூகத்தில் இந்த நோய் அதிகம் என்பதும் தெரிந்த விஷயம்தான். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம்.

நீண்ட நாள் சர்க்கரை, பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. சிராய் குத்தியதே தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. சாக்ஸில் ஈரக்கறை, துர்நாற்றம், பாதத்தில் ஒரு பக்கம் மட்டும் சூடு என்று ஏதாவது தெரியும்போது, கிருமி எலும்பு வரை போயிருக்கலாம். விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலைக்குப் போவது சில சமயம் இப்படித்தான் தொடங்குகிறது.

அதனால் தைப்பூசம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், தாத்தா பாட்டியின் பாதத்தை நீங்களே பாருங்கள். குனிந்து பார்க்க அவர்களுக்குக் கஷ்டம், கண்ணும் சரியாகத் தெரியாது. கழுவித் துடைத்து, கைபேசி விளக்கை அடித்து, விரல் இடுக்கு வரைக்கும் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

வீட்டில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது?

சிராய் மேல்தோலில் இருந்து, நுனி கண்ணுக்குத் தெரிந்து, உங்களுக்கு நீரிழிவும் இல்லை என்றால் வீட்டிலேயே எடுக்கலாம்.

கையையும் பாதத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ட்வீசரையும் ஊசியையும் ஆல்கஹாலால் துடையுங்கள். சிராய் எந்தச் சாய்வில் உள்ளே போனதோ, அதே சாய்வில் மெதுவாக இழுங்கள். தோல் மூடியிருந்தால், சிராயின் மேலே உள்ள தோலை மட்டும் ஊசி நுனியால் லேசாகத் திறக்கலாம். எடுத்ததும் மறுபடியும் கழுவி, பிளாஸ்டர் ஒட்டுங்கள். எடுத்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். முனை முறிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செய்யக் கூடாதவை:

பிதுக்காதீர்கள். துண்டு உடையும், இல்லாவிட்டால் இன்னும் ஆழமாகப் போகும்.

தண்ணீரில் நெடுநேரம் ஊற வைக்காதீர்கள். மரம் ஊறி உப்பி, இழுக்கும்போது நார் நாராகப் பிய்யும்.

எருக்கம்பால் வைக்காதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கண்ணையே பாதிக்கும். சூடு வைப்பதும் வேண்டாம், குறிப்பாகக் கால் மரத்துப்போனவர்களுக்கு. தீக்காயம் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

ஊசியால் 10 நிமிஷத்துக்கு மேல் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். வரவில்லை என்றால் அது உங்கள் வேலை இல்லை.

துண்டு ஆழத்தில் இருந்தாலோ, நகத்துக்கு அடியிலோ மூட்டுக்குப் பக்கத்திலோ இருந்தாலோ, முனை முறிந்திருந்தாலோ, சிவந்து வீங்கி சூடாக இருந்தாலோ, நீரிழிவு இருந்தாலோ நேராக மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு மேல்நோக்கிப் பரவினாலோ அன்றைக்கே போக வேண்டும்.

மருத்துவமனையில் எப்படி எடுப்பார்கள்?

முதலில் மரத்துப்போகும் ஊசி. உள்ளங்காலில் நேரடியாகக் குத்தினால் ரொம்ப வலிக்கும். அதனால் கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தும் முறை இருக்கிறது. அப்படிச் செய்தால் உள்ளங்காலின் பெரும்பகுதி மரத்துவிடும்.

பிறகு அல்ட்ராசவுண்டில் இடத்தைக் குறித்துக்கொண்டு சிறிதாகக் கீறி, துண்டை முழுசாக எடுப்பார்கள். சில இடங்களில் ஸ்கேனைப் பார்த்தபடியே இடுக்கியை உள்ளே கொண்டுபோவார்கள். இடம் தெரியாமல் குத்துமதிப்பாகக் கீறுவதைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் பாதத்தில் நரம்பும் தசைநாரும் நெருக்கமாக ஓடுகின்றன. எடுத்த பிறகு உள்ளே நன்றாகக் கழுவுவார்கள். அழுக்கான காயம் என்றால் தையல் போடாமல் திறந்தே விடுவதும் உண்டு. அது அலட்சியம் இல்லை, கிருமி உள்ளே அடைபடக் கூடாது என்பதற்காகத்தான்.

டெட்டனஸ் ஊசி: கணக்குப் போட்டுப் பாருங்கள்

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ் வரும் என்று நினைக்கிறோம். துருவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே இல்லை. அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன, காற்றுப் படாத ஆழமான காயத்தில்தான் வளர்கின்றன. மண்ணில் கிடந்த மரச் சிராய் அதற்குத் தோதான வாகனம்.

மலேசியாவில் குழந்தைப் பருவ ஊசிகளுக்குப் பிறகு, 7 வயதிலும் 15 வயதிலும் பள்ளியில் கூடுதல் ஊசி போடுகிறார்கள். சுத்தமான சிறு காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் இன்னொன்று தேவை. மண் பட்ட, ஆழமான காயத்துக்கு 5 ஆண்டு ஆகியிருந்தாலே தேவை. மூன்றாம் படிவத்தில் போட்டதுதான் உங்கள் கடைசி ஊசி என்றால், 20 வயதைத் தாண்டியதும் ஆழமான சிராய்க் காயத்துக்கு நீங்கள் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறீர்கள். பாட்டிக்குக் கடைசியாக எப்போது போட்டது என்று யாருக்குமே ஞாபகம் இல்லையா? அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிளினிக்கில் என்ன சொல்ல வேண்டும்?

பெரியவர்களோடு கிளினிக்குக்குப் போகும்போது பல வீடுகளில் மொழிபெயர்ப்பாளர் நீங்கள்தான். “கால் வலிக்குதாம்” என்பதோடு நிறுத்தினால் மருத்துவருக்கு வழி தெரியாது. இந்த ஐந்தையும் சொல்லுங்கள்.

ஒன்று, குத்தியது என்ன பொருள். மரம் என்றால் மரம் என்றே சொல்லுங்கள். மலாயில் மரச் சிராயைச் ‘செலும்பார்’ என்பார்கள்.

இரண்டு, எப்போது, எங்கே குத்தியது. சாலையா, ஜெட்டியா, கடற்கரையா?

மூன்று, செருப்பைத் துளைத்துக்கொண்டு போனதா. அப்படியானால் ரப்பர்த் துணுக்கும் உள்ளே போயிருக்கலாம்.

நான்கு, எடுத்த துண்டு முழுசா, முறிந்ததா. துண்டையே கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது.

ஐந்து, நீரிழிவு இருக்கிறதா, கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால், மரியாதையாகவே கேளுங்கள்: “டாக்டர், குத்தினது மரம். அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கலாமா?” அந்த கிளினிக்கில் வசதி இல்லை என்றால், மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இப்படிக் கேட்பது டாக்டரைச் சந்தேகப்படுவது ஆகாது. குத்தியது மரம் என்று தெரிந்தால்தான் அவராலும் சரியான பரிசோதனையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

எடுத்து முடித்த பிறகும் இரண்டு வாரம் அந்த இடத்தைக் கவனியுங்கள். வலி நாளுக்கு நாள் குறைந்தால் சரி. குறைந்து திரும்பவும் ஏறினால், இன்னொரு துண்டு உள்ளே இருக்கலாம். தயங்காமல் திரும்பப் போங்கள்.